செல்வி அக்காவைக் கீறிய பிள்ளை

இன்று தர்மபுரத்தில் மகளின் பள்ளிக்கூடத்தில் ஓவியக் கண்காட்சி. "எங்கள் ஊரின் முன்மாதிரிகள்" என்று தலைப்பு.

தரம் ஒன்பதில் படிக்கும் பிள்ளை ஒருத்தி, கண்ணிவெடி அகற்றும் வேலைக்குப் போகும் எங்கள் பக்கத்து வீட்டுச் செல்வி அக்காவை வரைந்திருந்தாள். அக்காவைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன்.

"என்னை ஏன் பிள்ளை கீறினனீ?" என்று அவளிடம் கேட்டார்.

"எங்கட வீடு இருக்கிற காணியில நீங்கள்தானே அன்ரி வெடி எடுத்தனீங்கள்."

அக்கா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார். கண் நிறைந்திருந்தது.

நான் படமெடுக்கப் போனைத் தூக்கினேன்.

"எடு. ஆனா மல்லாவியில இருக்கிற என்ர அம்மாவுக்கு அனுப்பிப்போடாதை. கந்தோரில இருந்து எழுதுற வேலையெண்டுதான் அவாவுக்குச் சொல்லி வச்சிருக்கிறன்."

அந்த அம்மா முகநூலில் இல்லை என்ற துணிவில்தான் இதை எழுதுகிறேன். மல்லாவிக்காரர்களே, நீங்களும் வாயைத் திறக்காமல் இருப்பீர்களா?