குளத்தில் வெட்டிய பனி

டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரில் முதியோர் இல்லம் ஒன்றில் இன்பமலர் பராமரிப்பு வேலை செய்கிறார். போன மாசி மாதம் நடந்ததை அவர் வாயால் இரண்டு தடவை கேட்டுச் சரிபார்த்தே எழுதுகிறேன். இல்லத்தில் நடந்த பேச்செல்லாம் டேனிஷ், தமிழாக்கியது நான்.

அந்தக் குளிரில் கரையோரக் கடல் உறைந்து, எங்கே நீர் முடிகிறது, எங்கே வானம் தொடங்குகிறது என்று தெரியாத ஒரே வெண்மையாகக் கிடந்தது. பின்னேரம் வெளிச்சம் மங்கியதும், மறதி நோயில் விழுந்த நிக்கலஸ் யன்னலடியில் நின்று நடுங்குவார். முன்பு வரலாற்று ஆசிரியராக இருந்தவர்.

"வருகிறார்கள், படையோடு" என்பார். உணவு இல்லை, உறக்கம் இல்லை.

வெள்ளிக்கிழமைக்குள் அமைதியாகாவிட்டால் வேறு ஊர் இல்லத்துக்கு மாற்றுவதாகப் பொறுப்பாளர் மரினா சொல்லிவிட்டார். நிக்கலஸின் மனைவி நோயில் படுத்திருப்பதோ இதே இல்லத்தின் அடுத்த அறையில்.

இன்பமலர் தேற்றப் பார்த்தார். "பயப்படாதீர்கள். கடல் உறைந்துவிட்டது. இனி ஒரு படகும் வராது."

யாழ்ப்பாணத்துக் கரையில் பிறந்தவருக்குப் படை என்பது படகில் வருவது. நிக்கலஸின் முகம் வெளிறியது.

"உறைந்துவிட்டதா? அதுதானே அவர்களின் பாதை!"

1658இல் சுவீடன் படை உறைந்த நீரிணையை நடந்தே கடந்து டென்மார்க்கின் தலைநகரை நெருங்கியதாம். அடுத்த குளிர்காலத்தில் அந்தத் தலைநகர் கொப்பன்ஹேகன் மீது பாய்ந்து, தோற்றதாம்.

"ஏன் தோற்றார்கள்?" என்று கேட்டார் இன்பமலர்.

நடுக்கம் நின்றது. வகுப்பறைக் குரல் வந்தது.

"நகரத்து மக்கள் அகழியில் பிடித்த பனியை வெட்டிக்கொண்டே இருந்தார்கள். ஒருவன் தூங்கப் போனால் அவனிடத்தில் இன்னொருவன். வந்தவர்கள் மதிலடியில் கண்டது திறந்த தண்ணீர். மிச்சத்தை மதில்மேல் நின்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள்."

அன்றிலிருந்து இன்பமலர் அலவாங்கு என்ற கடப்பாரையுடன் போய், யன்னலுக்குக் கீழே இருந்த குளத்துப் பனியை உடைத்தார். நிக்கலஸ் மேலிருந்து கைகாட்டினார்: "இடப்பக்கம்! இன்னும்!"

வீட்டில் கணவர் நேசரட்ணத்துக்குச் சிரிப்பு.

"என்னப்பா, சுவீடன்காரன் எங்கை நிக்கிறான்?"

"சிரியுங்கோ. மனுசன் இண்டைக்கு சூப் குடிச்சிட்டுது."

"அப்ப எங்கட வாசலிலையும் ஒருக்கா வெட்டிவிடன். உன்ரை அண்ணர் ஞாயிற்றுக்கிழமை வாறாராம்."

வியாழன் பின்னேரம் வெட்டிய நீர் கறுப்பாக அசைந்தது; அதில் தெருவிளக்கு ஒன்று மெல்லக் கரைந்தும் கூடியும் மிதந்தது. நிக்கலஸ் சாப்பிட்டார். ஆனால் இன்னும் தூங்கவில்லை.

"உங்கள் ஊர்க் கடலில் பனி பிடிக்காதா?"

"பிடிக்காது."

"அப்படியென்றால் அவர்கள் எப்போதும் வரலாமே."

"ஓம். வந்தார்கள்."

"பிறகு எப்படித் தூங்கினீர்கள்?"

இன்பமலர் அவர் சாப்பிட்ட தட்டை எடுத்து வைத்தார். நிக்கலஸ் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"இன்று நீங்கள் தூங்குங்கள். நான் காவல்."

அவர் மனம் ஆறட்டும் என்றுதான் இன்பமலர் கண்ணை மூடினார். கடல் கதவைச் சாத்திக்கொள்ளும் ஓசை கேட்டது போலிருந்ததாம்.

தோளில் கை பட்டு விழித்தபோது மரினா நின்றார். மற்ற நாற்காலியில் நிக்கலஸ், வாய் சற்றுத் திறந்தபடி, ஆழ்ந்த உறக்கத்தில்.

மரினா அவர்மேல் போர்வையை இழுத்துவிட்டார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"நாளை உங்களுக்கு விடுமுறை அல்லவா? குளத்தை எந்தப் பக்கத்திலிருந்து வெட்டத் தொடங்க வேண்டும்?"