அண்ணன் மறைக்காத தவறு

அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டாகிறது. நினைவு மலரில் நல்லதை மட்டும் எழுது என்று உறவினர்கள் சொன்னார்கள். அப்படி எழுதினால் அது வேறு யாரோ ஒருவரைப் பற்றியதாகிவிடும்.

அண்ணன் திருப்போரூரில் பிறந்தவர். அப்பா இறந்தபோது அவருக்குப் பதினேழு வயது, எனக்கு ஒன்பது. செங்கல்பட்டு ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிப்பை முடித்த கையோடு, மாமல்லபுரம் கடற்கரையில் ஓர் இறால் குஞ்சுப் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தார். அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்தேன். என் திருமணமும் நடந்தது.

தொட்டிகளுக்குக் காற்று அனுப்பும் ப்ளோயர்களைப் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. ப்ளோயரின் தண்டில் பேரிங் நகராமல் பிடித்திருப்பது லாக்நட். அந்த நட் கழலாமல் காப்பது மெல்லிய லாக்வாஷர். அதன் ஒரு பல்லை நட்டின் பள்ளத்துக்குள் மடித்துவிட வேண்டும். மடித்த பல்லை நிமிர்த்தி மறுபடி மடித்தால் ஒடியும். கடற்காற்றில் சாதாரண இரும்பு அரித்துப்போகும் என்பதால் ஸ்டெயின்லெஸ் வாஷர்தான், தண்டின் அளவுக்குச் சரியானதுதான், ஒவ்வொரு முறையும் புதியதுதான் என்று அண்ணன் பிடிவாதமாக இருந்தார்.

ஒரே ஒரு நாள் தவறினார். ப்ளோயர் நின்று, குஞ்சுகள் சாகத் தொடங்கியிருந்தன. ஸ்டோரில் இருந்த புது வாஷர் அளவு சேரவில்லை. நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று பழையதையே நிமிர்த்திப் போட்டார். மறுநாள் காலையில் பல் ஒடிந்து, நட் கழன்று, தண்டு நகர்ந்து, அதை மோட்டாரோடு இணைக்கும் கப்ளிங் உடைந்து தெறித்தது. அவரோடு வேலை பார்த்த ஏழுமலையின் வலது கண் போயிற்று.

ஏழுமலை கவனமில்லாமல் கிட்டே போனதே காரணம் என்று எழுதி, அண்ணனைக் கையெழுத்திடச் சொன்னார் மேலாளர்.

"அந்த வாஷர போட்டது நான்தான் சார். அவன் மேல எழுதாதீங்க" என்று சொல்லிவிட்டு, நடந்ததைத் தன் கைப்பட எழுதிக் கொடுத்தார் அண்ணன்.

ஏழுமலைக்கு இழப்பீடு கிடைத்தது. அண்ணனுக்கு வேலை போயிற்று. அதன்பின் கடற்கரையில் எந்தப் பண்ணையும் அவரைச் சேர்க்கவில்லை. கூடுவாஞ்சேரியில் ஒரு பட்டறையில் கூலிக்கு இருந்தார். கல்யாணப் பேச்சை எடுத்தால் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துபோவார்.

பிறகு சிறுநீரகம் கெட்டது. வாரம் இருமுறை செங்கல்பட்டில் டயாலிசிஸ். கேளம்பாக்கத்தில் வேலை பார்க்கும் எனக்கு எல்லா முறையும் விடுப்பு கிடைக்காது. எங்கிருந்தோ கேள்விப்பட்டு ஏழுமலை வந்தார். அண்ணனை ரயிலில் அழைத்துப் போய், நான்கு மணி நேரமும் கட்டிலருகே உட்கார்ந்திருப்பார். இருவரும் அதிகம் பேசியதில்லை.

கடைசி வாரத்தில் அண்ணன் என்னிடம், "இன்னாத்துக்கு வந்துகினு கீறான் அவன்? நீ கேட்டு சொல்லும்மா" என்றார். எனக்குத் துணிவு வரவில்லை. காரியம் முடிந்த பிறகே கேட்டேன்.

"மன்னிச்சுட்டேன்னு சொல்ல வாய் வரலம்மா" என்றார் ஏழுமலை. "ஆனா அன்னிக்கு அத்தினி பேரும் எம்மேல பழி போட்டப்போ, அண்ணாத்த ஒருத்தருதான் உண்மைய சொன்னாரு. வராம இருக்க முடியல."

அண்ணனைக் கவனித்த மருத்துவர்கள், செவிலியர்கள், இரத்தம் தந்த பட்டறை நண்பர்கள், துக்கத்தில் தோள் கொடுத்த உறவினர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. ஏழுமலையின் சம்மதத்தோடுதான் இதை எழுதினேன். அவரிடம் நான் சில நாட்கள் முன்னதாகக் கேட்டிருந்தால், அந்தப் பதிலை அண்ணன் தன் காதால் கேட்டிருப்பார்.