கோபுரத்தில் நின்றுபோன வெளிச்சம்

தொண்ணூறுகளின் கடைசியில், கொழும்பிலிருந்து வந்த ஒரு தொலைபேசிக் கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்தது. அப்போது கடற்கரை ஊர்களை விட்டு உள்ளே போகப் போகத் தொலைபேசிக் கம்பிகள் சண்டையில் அறுந்தது அறுந்தபடியே கிடந்தன. கம்பியே இல்லாமல், கூரையில் ஒரு அன்டெனாவைப் பூட்டி போனும், அதன் வழியாக இன்டர்நெட்டும் கொடுப்பதுதான் கம்பெனியின் திட்டம். அதற்காகக் கல்முனையில் ஒரு கோபுரம் எழுப்பியிருந்தார்கள். கூரை அன்டெனா அந்தக் கோபுரத்தை நேராகப் பார்க்க வேண்டும். தூர இடமென்றால் கோபுரத்தில் இருப்பதையும் இந்தப் பக்கம் திருப்ப வேண்டும். இம்மி பிசகினாலும் போனில் இரைச்சல்தான் கேட்கும், இன்டர்நெட் அறவே வராது.

இந்த வேலைக்கு நாங்கள் இரண்டு பேர். நான் சாய்ந்தமருது முஸ்லிம். மற்றவர் பாண்டிருப்பைச் சேர்ந்த தமிழர், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். நான் அவரை அண்ணன் என்பேன். அவர் கோபுரத்தில் ஏறுவார், நான் கூரையில் நிற்பேன். எங்கள் இரண்டு ஊர் ஆட்களும் ஒரே மோட்டார் சைக்கிளில் போவதை அந்த நாட்களில் இரண்டு ஊரிலும் திரும்பிப் பார்த்தார்கள். நாங்கள் அதைப்பற்றி ஒரு நாளும் கதைத்ததில்லை.

பயம் அந்த வேலையோடு சேர்ந்தே வந்தது. அன்டெனா பார்வைக்குப் பெரிய மீனின் நடுமுள் போல இருக்கும். ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் அதைச் சாக்கிலிருந்து எடுத்துக் காட்டி, கொழும்பில் வாங்கிய அனுமதிக் கடிதத்தை நீட்டிவிட்டு, சிப்பாயின் முகம் மாறும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பேன். வோக்கிடோக்கி வைத்திருக்க எங்களுக்கு அனுமதி இல்லை. அது இல்லாமல் ஆறேழு கிலோமீற்றருக்கு அப்பால் நிற்கும் ஆளுக்கு ‘இன்னும் கொஞ்சம் திருப்பு’ என்று எப்படிச் சொல்வது? அண்ணன்தான் ஒரு வழி கண்டுபிடித்தார். கையளவு முகம்பார்க்கும் கண்ணாடி இரண்டு வாங்கினார். வெயிலில் அதைப் பிடித்து ஒருமுறை மின்னினால் இடப்பக்கம், இரண்டுமுறை என்றால் வலப்பக்கம், மூன்றுமுறை என்றால் சரி. நீளமாகப் பிடித்தால் நான் தொழப் போகிறேன், நீங்கள் இறங்கி இளைப்பாறுங்கள் என்று அர்த்தம். நான் அனுப்பியதை அவர் அப்படியே திருப்பி மின்னுவார். பார்த்தேன் என்பதற்கு அது அடையாளம்.

அன்றைக்குச் சம்மாந்துறையில் ஒரு அரிசி ஆலையில் வேலை. ஆலைக்காரர் ஒரு ஹாஜியார். மகன் கட்டாரில் இருந்தான். கடிதம் வருவதற்குள் அதில் எழுதிய சங்கதி பழசாகிவிடுகிறது என்பது அவருடைய குறை. நான் ஆலைக் கூரையில் நின்றேன். நடுவில் வயல்வெளி, அதற்கப்பால் தென்னைகளுக்கு மேலே கோபுரம் ஒரு கோடு போலத் தெரிந்தது. வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. இரண்டுமுறை மின்னினேன். அங்கிருந்து ஒருமுறை மின்னியது. இரண்டாவது வரவில்லை.

முதலில் முகில் மறைத்ததென்று நினைத்தேன். அண்ணாந்து பார்த்தால் வானம் வெறுமையாக இருந்தது. மீண்டும் மீண்டும் மின்னினேன். கால்மணி நேரம் கழிந்த பிறகுதான், நான் மின்னிக்கொண்டிருப்பதை வேறு யாரும் பார்க்கலாம் என்ற எண்ணம் வந்தது. கண்ணாடியைச் சட்டைக்குள் போட்டேன். அது வயிற்றில் சுட்டது.

கல்முனையிலிருந்து அரிசி ஏற்ற வந்த லொறிக்காரர்தான் செய்தி கொண்டுவந்தார். கோபுரத்தில் நின்ற ஆளை ஆமிக்காரர்கள் துவக்கை நீட்டி இறக்கி, ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்களாம்.

ஹாஜியார் என்னை ஆலைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். “மகன், நீங்க கல்முனப் பக்கம் போகாம நேரா வீட்ட போங்க. ஒங்கள ஒருத்தரும் தேடல்ல. தேடினாலும் நீங்க வேலைக்கி வரல்ல எண்டு நான் சொல்றன்.”

அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். எனக்கும் போய்விடவே விருப்பமாக இருந்தது. ஆனால், மறுமுனையில் நின்றது நான்தான் என்று சொல்ல ஆளில்லாவிட்டால், அண்ணன் யாருக்கு வெளிச்சம் காட்டினார் என்று அவர்களே ஒரு கதையைச் சோடிப்பார்கள். அந்தக் கதையில் ஒரு தமிழருக்கு என்ன நடக்கும் என்று எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். கடிதத்தை எடுத்துக்கொண்டு கல்முனை ஆமி முகாமுக்குப் போனேன். வழி முழுக்க ஓதிக்கொண்டே போனேன், ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்ப.

கண்ணாடியை மேசையில் வைத்தேன். அதிகாரி அதைத் தொடவில்லை. கொழும்பில் பயிற்சிக் காலத்தில் பொறுக்கிய சிங்களத்தில், மறுமுனையில் நின்றது நான் என்று சொன்னேன். அவர் ஒவ்வொரு மின்னலுக்கும் என்ன அர்த்தம் என்று கேட்டார். ஒன்று, இரண்டு, மூன்று வரை சொன்னேன். காவலரணில் இருந்தவர்கள் நீளமான வெளிச்சமும் பார்த்திருக்கிறார்கள், அது என்ன என்று கேட்டார். எனக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை. அப்படி ஒன்று இருந்ததென்றே மறந்துபோயிற்று. அவர் எதையோ எழுதிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

என்னை ஒரு அறையில் இருத்தினார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ இருமுவது கேட்டது. அது அண்ணனின் இருமல்தான். அதைக் கேட்டுக்கொண்டிருந்தபோதே தொழுகையின் ஞாபகம் வந்தது. வாசலில் நின்ற சிப்பாயிடம் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். அவன் வேறு பக்கம் பார்த்தான். சரியான பதில் வாயில் இருக்கிறது, கேட்க ஆளில்லை. அந்த ஒரு மணி நேரம் போல நான் வேறொரு நாளும் பயந்ததில்லை. சுவருக்கு அப்பால் இருமல் நின்றபோது அதைவிடப் பயந்தேன்.

அதிகாரி திரும்பி வந்ததும் எழுந்து நின்று, “நான் தொழப் போறன் எண்டு அர்த்தம், சேர்” என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவருக்குப் புரிந்தது. அண்ணனும் அதையே சொல்லியிருக்க வேண்டும். பின்னேரம் என்னைப் போகச் சொன்னார்கள். அண்ணனை வைத்துக்கொண்டார்கள்.

அவர் மூன்று நாள் உள்ளே இருந்தார். கம்பெனி பெரிய இடத்துக்குக் கடிதம் எழுதியது. அதே கம்பெனி, ஆலை வேலையை முடிக்கும்படி எனக்கும் சொல்லியனுப்பியது. முகாமிலிருந்து கோபுரத்துக்கு ஒரு சிப்பாயை ஏற்றினார்கள். அவன் அன்டெனாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினான். இன்னொருவன் ஆலையில் என் பக்கத்தில் வோக்கிடோக்கியோடு நின்றான். வேலை அரைமணியில் முடிந்தது. ஹாஜியாரின் கொம்பியூட்டரில் முதல் பக்கம் மேலிருந்து வரி வரியாக இறங்கியபோது ஆலையில் எல்லாரும் கூடிநின்று பார்த்தார்கள். நான் வெளியே வந்து சாக்கை மடித்தேன்.

அண்ணன் விடுபட்ட அன்று பாண்டிருப்புக்குப் போனேன். கதவைத் திறந்த அவர் மனைவி என்னை இருக்கச் சொல்லவில்லை. அண்ணன் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். முதுகை எனக்குக் காட்டவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்.

“நான் தனியத்தான் நிண்டன், அது முகம் வழிக்கிற கண்ணாடி எண்டு சொல்லிப்போட்டன் தம்பி. உங்கள இதுக்குள்ள இழுக்கப்படாது எண்டு நினைச்சன். அரைவாசி நம்பிட்டானுகள். பிறகு நீங்க வந்து நிக்கிறீங்க எண்டானுகள், உள்ளதச் சொன்னன். பொய் சொன்னதுக்குத்தான் அடிச்சது.”

நான் முகாமுக்கு வராமல் இருந்திருந்தால் விட்டிருப்பார்களா என்று கேட்டேன்.

“தெரியா. விட்டிருக்கவும் கூடும். வேற எங்கயும் கொண்டுபோயிருக்கவும் கூடும்.” பிறகு கேட்டார்: “கோபுரத்தில ஆர் ஏறின?”

சிப்பாய் என்றேன். மேல் நட்டை அவன் இறுக்கியிருக்க மாட்டான், காற்றடித்தால் எல்லாம் திரும்பிவிடும் என்றார். தன்னால் இனி ஏற ஏலாது என்றும் சொன்னார்.

அடுத்த கிழமை நான் ஏறினேன். அவர் அடியில் நின்று எந்த நட்டு, எவ்வளவு என்று சொன்னார். பாதி உயரத்தில் முகாமின் காவலரண் கண்ணுக்கு நேரே வந்தது. அதற்குள் இருந்தவன் என்னைப் பார்க்கிறானா என்று தெரியவில்லை. ஏணியை இறுகக் கட்டிப்பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். கீழிருந்து அவர் அவசரப்படுத்தவில்லை.

அதன்பிறகு கோபுரம் என்னுடைய வேலையாயிற்று, கூரை அவருடையது. கண்ணாடியை இருவரும் தொடவில்லை. நான் கொஞ்சம் திருப்பிவிட்டு இறங்கி, மோட்டார் சைக்கிளில் அவரிடம் போய்ச் சரியா என்று கேட்டு, திரும்பி வந்து மறுபடியும் ஏறுவேன். ஒரு வீட்டுக்கு ஒரு முழு நாள் போனது. ஏன் இவ்வளவு சுணக்கம் என்று கொழும்பிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார்கள். காற்று அதிகம் என்று எழுதி அனுப்பினோம்.