பஸ்ஸுக்கு ஓடாத பாண்டிச்செல்வி

நூறு மீட்டரைப் பன்னிரண்டு விநாடிக்குள் கடந்துவிடும் பெண்ணைப் பாராட்ட நான் முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டேன். ஒப்புக்கொள்கிறேன். மைக்கைக் கையில் கொடுத்துவிட்டால் நான் திருப்பித் தரமாட்டேன் என்பது தேனி மாவட்டத்தில் அநேகமாக எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் கூப்பிடுகிறார்களே... அது யார் தப்பு?

போன வாரம் சின்னமனூரில், ஒரு கல்யாண மண்டபத்தில் விழா. கோம்பைப் பெண் பாண்டிச்செல்வி ஜூனியர் பிரிவில் மாநில சாதனையை உடைத்திருக்கிறாள். காலேஜில் இப்போதுதான் சேர்ந்திருக்கிறாள். அப்பா ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் டிரைவர். விடிகாலையில் மலை ஏறுவதற்கு முன் மகளை மைதானத்தில் இறக்கிவிடுவார். தூக்குவாளியும் கையுமாக ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் பெண்கள்தான் அவளுடைய முதல் ரசிகர்கள். "ஏத்தா, ஒரு ரவுண்டு ஓடிக் காட்டிட்டு எங்களை அனுப்பு, கங்காணி வைவாக" என்பார்களாம்.

மதுரையில் முதன்முதலாக சிந்தெடிக் டிராக்கைப் பார்த்தபோது, செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனாளாம். "வீட்டுக்குள்ள போற மாதிரி இருந்துச்சு சார்." இதை அவள் சிரிக்காமல் சொன்னாள்.

இவ்வளவு நல்ல விஷயங்கள் கைவசம் இருக்க, மேடையில் நான் என்ன பேசினேன் தெரியுமா? அந்த ஊருக்கே பேர்போன கோம்பை வேட்டை நாய்களோடு போட்டி போட்டு ஓடிப் பழகியவள் என்று ஒரு கதையை அந்த நிமிடத்தில் உற்பத்தி செய்தேன். பலத்த கைதட்டல். வந்து உட்கார்ந்ததும் அவள் என் காதருகே குனிந்தாள்.

"எங்க வீட்ல நாயே கிடையாது சார்."

நான் பேசிக்கொண்டிருந்தபோது முன்வரிசையில் அவள் அம்மா மணிக்கட்டைத் தட்டித் தட்டிக் காட்டினார். தாளம் போடுகிறார் என்று நினைத்து இன்னும் உற்சாகமாகப் பேசினேன். விஷயம் அதுவல்ல. மறுநாள் காலை சென்னையில் தேசிய முகாமுக்கான ட்ரையல். கம்பத்திலிருந்து வரும் சாயங்கால பஸ்ஸைப் பிடித்தால்தான் அதற்குப் போய்ச் சேரலாம். அடுத்த பஸ்ஸில் போனால், எல்லாரும் ஓடி முடித்து வீட்டுக்குக் கிளம்பும்போது இவள் போய் நிற்பாள்.

பொன்னாடைகள் முடிந்து மண்டபத்தைவிட்டு வெளியே வந்தால்... தெருக்கோடி ஸ்டாப்பில் பஸ் நிற்கிறது. ஹார்ன் அடிக்கிறது. பைக்கில் கொண்டுபோய் விடலாமென்றால், விழாவுக்கு வந்த வண்டிகளே தெருவை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. அவள் அப்பாவின் ஜீப் அத்தனைக்கும் பின்னால், மாலையும் கழுத்துமாக.

"ஓடு ஆத்தா! ஓடு!" என்று மொத்தக் கூட்டமும் கத்தியது.

பாண்டிச்செல்வி பையைத் தோளில் மாட்டினாள். நடந்தாள்.

ஆமாம், நடந்தாள். கொஞ்சம் வேகமாக. சந்தைக்குப் போகிறவள் மாதிரி.

டீக்கடை பெஞ்சிலிருந்து ஒருவர், "ஏலே, இந்தப் புள்ளையா ரெக்கார்டு வச்சது? எங்க வீட்டுக் கெழவி முந்திரும் போலருக்கே!" என்றார். ஒரே சிரிப்பு. விழாக்குழுத் தலைவரான என் ஹார்டுவேர் கடை நண்பருக்கு முகம் வியர்த்துவிட்டது. "என்னம்மா, ஊர் மானத்தை வாங்குற? ஓடும்மா!"

பின்னாலிருந்து அம்மாவின் குரல் மட்டும் வேறு மாதிரி வந்தது: "ஓடாதடி செல்வி! பஸ்சு போனாப் போகுது!"

அவள் பக்கத்தில் மூச்சிரைக்க நடந்த என்னிடம் சொன்னாள். "ரெண்டு மணி நேரமா ஒக்காந்தே இருந்திருக்கேன் சார். தசையெல்லாம் இறுகிக் கெடக்கு. வார்ம்-அப் இல்லாம ஓடுனா கிழிஞ்சுரும். போன வருசம் இப்படித்தான் ஒரு விழாவுல, 'செல்போன்ல எடுக்கணும், சும்மா ஓடிக் காட்டும்மா'ன்னாக. காட்டுனேன். அந்த சீசனே போச்சு."

பஸ் நகர ஆரம்பித்தது. அவள் நடையை மாற்றவில்லை. கண் மட்டும் பஸ்ஸைவிட்டு அகலவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அத்தனை பேர் கத்தியும் அந்தப் பெண் தன் கால் சொன்னதை மட்டும் கேட்டாள். வெறிநாய் துரத்தினால் யார்தான் ஓடமாட்டார்கள்? நானே ஓடுவேன். ஓட்டத்தையே தொழிலாக வைத்துக்கொண்டு, ஊரே கேலி செய்யும்போது நடப்பதற்கு எவ்வளவு திமிர் வேண்டும்! நல்ல திமிர். எனக்கு அதில் ஒரு ஸ்பூன் இருந்திருந்தால் மைக்கை அன்றைக்கு ஐந்தாவது நிமிடமே வைத்திருப்பேன்.

தாமதத்துக்குக் காரணமானவன் யார்? நான். கிழிந்தால் நஷ்டமில்லாத தசைகள் யாருடையவை? அதுவும் நான். வேட்டியை மடித்துக் கட்டினேன். எனக்குப் போர்த்திய பொன்னாடையைக் கொடி மாதிரி ஆட்டிக்கொண்டு ஓடினேன். வழியில் ஒரு செருப்பு விடைபெற்றது. "விடாதீக சார்!" என்று டீக்கடை பெஞ்ச் உடனே கட்சி மாறியது.

மார்க்கெட் வாசலில் பஸ் நின்றது! அதன் மூக்கில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றேன். பேச்சு வரவில்லை. என் வாழ்க்கையில் அது அபூர்வம். டிரைவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பாண்டிச்செல்வி நிதானமாக வந்து சேர்ந்து, "தேங்க்ஸ் சார், ஒக்காந்து தண்ணி குடிங்க" என்று சொல்லிவிட்டு ஏறினாள்.

மறுநாள் மத்தியானம் அவள் அப்பா போன் செய்தார். "புள்ளையை எடுத்துட்டாக சார்!" அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை. மலைமேல் சிக்னல் சரியில்லை என்றார். இருக்கலாம்.

இந்த வெற்றியில் எனக்கும் ஒரு பங்கு உண்டென்று நாலு நாளாக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். நேற்று அந்தப் பஸ் கண்டக்டரைத் தற்செயலாகச் சந்தித்தேன். அன்றைக்குப் பஸ்ஸை நிறுத்தியவன் நான்தான் என்று அடக்கத்தோடு ஆரம்பித்தேன்.

அவர் யோசித்தார். "பஸ்ஸு அங்கன தெனமும் நிக்குமே சார். பன்னீர் திராட்சைப் பெட்டி ஏத்தணும்ல? நான் பின்னாடி டிக்கிகிட்ட நின்னேன். அப்ப டிரைவர் சத்தம் போட்டாரு, 'எவனோ குடிச்சுப்புட்டு வேட்டியத் தூக்கிக்கிட்டு ஓடியாறான், கதவைச் சாத்து'ன்னு... நீங்கதானா சார் அது?"