கன்யந்தா விரலில் ஜெரேயின் மோதிரம்

எந்த பேட்டரியைத் தொடுவதற்கு முன்னும் லெவிசன் ஜெரே குனிந்து, கல்யாண மோதிரத்தைக் கழற்றி, பூட்ஸ் கயிற்றில் கோத்து முடிச்சுப் போடுவார். சிங்கோலா செம்புச் சுரங்கத்தில் லோடர், டோசர் எல்லாவற்றின் பேட்டரிக்கும் அவர்தான் வைத்தியர். மோதிரம் தப்பான இடத்தில் பட்டால் நொடியில் பழுக்கக் காய்ந்து விரலை வேகவைத்துவிடும். நான் மின்பொறியியல் படித்துவிட்டு அங்கே சேர்ந்ததிலிருந்து வருடக்கணக்கில் இதைப் பார்த்தேன். முதல் வாரம், பூட்ஸைக் கும்பிடுகிறார் என்றே நினைத்தேன்.

ஒருமுறை பூட்ஸைப் பட்டறையில் விட்டுவிட்டு, செருப்போடு வீட்டுக்குப் போய்விட்டார். அவர் மனைவி தண்டிவே தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்: "இன்னொரு தடவ வெறும் விரலோட வந்தா, அந்த பேட்டரிகூடவே போய்ப் படுத்துக்க!" பட்டறைக்கே இது தெரியும்.

பிறகு அந்த மழை நாள் வந்தது. காலில் ரப்பர் பூட்ஸ், கயிறு இல்லை. கிளம்ப மறுத்த லோடரின் ஓட்டுநர் கன்யந்தாவிடம் ஜெரே மோதிரத்தை நீட்டினார்.

"கொஞ்சம் பிடி மச்சான். வாய்ல போட்டுக்காத, குரங்கு தின்னி."

"எலி தின்னி வீட்டுத் தங்கமா? பித்தளையாத்தான் இருக்கும்."

ஜெரே அங்கோனி, கன்யந்தா பெம்பா. இரண்டு இனமும் ஒரு காலத்தில் வெட்டிக்கொண்டவை. இப்போது மச்சான் முறை: 'குரங்கு தின்னி', 'எலி தின்னி' என்று ஒருவரையொருவர் வாய்க்கு வந்தபடி கேலி செய்யலாம். ஒருவன் பொருளை மற்றவன் தூக்கிக்கொண்டு ஓடலாம்; பறிகொடுத்தவன் சிரிக்க வேண்டும். கோபப்பட்டால் ஒரு கோழி அபராதம். நானும் பெம்பாதான். ஆனால் வீட்டில் முதல் பட்டதாரி என்பதாலோ என்னவோ, எனக்குக் கேலி வராது. யாராவது திட்டினால் நன்றி சொல்லிவிடுவேன்.

ஜெரே மைனஸ் கம்பியை முதலில் கழற்றினார். முனைகளில் பூத்திருந்த பச்சையைச் சோடா உப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, துடைத்து, மறுபடி இறுக்கினார். லோடர் ஒரு இருமலோடு உறுமியது. உடனே கன்யந்தா மோதிரத்தைச் சுண்டுவிரலில் மாட்டி, கையை ஆட்டிக் காட்டியபடி சுரங்கப் பள்ளத்துக்குள் ஓட்டிப் போனார்.

"போர்ல பிடிச்ச சொத்து, மச்சான்!"

எல்லோரும் சிரித்தார்கள். ஜெரேயும் சிரித்திருக்க வேண்டும். ஆனால் அவர் கண்ணுக்குத் தண்டிவேதான் தெரிந்திருப்பார்.

"டேய் திருட்டு நாயே! நிறுத்துடா!"

நிஜமான கோபம். உடனே பட்டறையில் ஒருவர் "கோழி!" என்றார். எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள்.

வேலை முடிந்து கன்யந்தா இறங்கியபோது அவர் முகத்தில் சிரிப்பில்லை. விரல் வீங்கி மோதிரம் சிக்கியிருந்தது. சோப்பு போட்டார்கள், கிரீஸ் போட்டார்கள். ஒருவர் ரம்பத்தோடு வந்து, "எதை அறுக்கணும்?" என்று கேட்டார்.

"விரலை," என்றார் ஜெரே.

கடைசியில் விரலையே வீட்டுக்குக் கூட்டிப்போவது என்று முடிவானது. "நீயும் வா, படிச்சவன் சொன்னா நம்புவா," என்று ஜெரே என்னையும் இழுத்துப் போனார்.

தண்டிவே வாசலில் நின்று ஜெரேயின் வெறும் விரலைப் பார்த்தார். பிறகு கன்யந்தாவின் விரலைப் பார்த்தார்.

"அக்கா, மின்சாரம் உலோகத்துல பாயும்போது..." என்று ஆரம்பித்தேன்.

"நீ சும்மா இரு."

கன்யந்தா நெஞ்சை நிமிர்த்தினார். "இனிமே நான்தான் உன் புருஷன் தண்டிவே. ஷிமா கிண்டு, பசிக்குது."

"அப்படியா? நல்லதாப் போச்சு. கூரை ஒழுகுது புருஷா, ஏணி பின்னால இருக்கு. நாளைக்கு எங்கம்மா வேற வர்றாங்க, மழை முடியுற வரைக்கும் இருப்பாங்க."

மச்சான் முறை என்றால் கன்யந்தாவும் மறுக்க முடியாது. ஏணி மேல் நின்று, கையைத் தலைக்கு மேல் தூக்கியபடியே தகரத்தை அடித்தார். கீழே வாசலில், அவருக்காகக் கிண்டிய ஷிமாக் களியை ஜெரே சாப்பிட்டார். தூக்கிய கையில் வீக்கம் வடிந்துகொண்டே வந்திருக்கிறது. கடைசி ஆணியில் மோதிரம் நழுவித் தகரத்தில் உருண்டு, ஜெரேயின் தட்டருகே விழுந்தது.

"விவாகரத்து!" என்று மேலிருந்து கத்தினார் கன்யந்தா.

மோதிரம் திரும்பியது. கோழி மட்டும் தரப்படவில்லை. ஓய்வு பெற்று ஜெரே சிப்பாட்டா பக்கம் போனபின், அவர் பெயரில் நானே ஒரு கோழி வாங்கிக் கன்யந்தாவிடம் கொடுத்தேன். கணக்கைத் தீர்த்து வைப்பது நல்ல காரியம் என்றுதான் எனக்குக் கற்பித்திருந்தார்கள்.

"எடுத்துட்டுப் போ! இது தீர்ந்துட்டா நான் யாரைத் திட்டுறது?" என்றார் அவர். போனில் ஜெரேயும் அதே சூட்டில், "உன்னை யாருடா குடுக்கச் சொன்னது?" என்றார். அவர்கள் இருவரும் ஒத்துப்போனதை அன்றுதான் பார்த்தேன்.

அந்தக் கோழி என் வீட்டில் முட்டையிடுகிறது. கன்யந்தா இன்னமும் சிப்பாட்டாவுக்குப் போன் போடுகிறார்.

"எலி தின்னி, கோழி எங்கடா?"

"வளருது மச்சான். கொம்பு முளைக்கட்டும், அனுப்புறேன்."