தொண்ணூற்றாறு மணி நேரம், பத்து மீன்கள்

புனே பக்கம் தேஹூரோடில் என் வீட்டுக்கு மூன்றாவது வீடு பட்டுவுடையது. வயது ஐம்பத்தொன்று. 2001 மார்ச்சிலிருந்து, போசரியில் தலைமுடிக் கண்டிஷனர் தயாரிக்கும் ஒரு சிறு தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். கீழே வரும் தேதிகளையும் நேரங்களையும் அவருடைய குறிப்பேட்டோடு இரண்டு முறை ஒப்பிட்டுப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

அவர் வேலை மீன் எண்ணுவது. கலவைத் தொட்டிகளைக் கழுவிய தண்ணீர் பாதியும் நல்ல தண்ணீர் பாதியுமாக ஒரு கண்ணாடித் தொட்டியில் கலந்து, விரல் நீளம்கூட இல்லாத வரி மீன்கள் பத்தை அதில் விடுவார்கள். தொண்ணூற்றாறு மணி நேரம் தீனி கிடையாது. மிதக்கும் மீனைப் பார்த்ததும் செத்தது என்று பட்டு எழுதிவிட மாட்டார். கண்ணாடிக் குச்சியால் வாலைத் தொடுவார். அசையாவிட்டால் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை எழுதுவார். எண்ணியவர்தான் தாளில் கையெழுத்திட வேண்டும் என்பது அங்கே விதி.

2023 ஜூலையில் புது கண்டிஷனர் ஒன்று வந்தது. முடியில் ஒட்டிக்கொண்டு வழவழப்புத் தரும் பாலிமர் அதில் அதிகம். முடியில் ஒட்டுவது மீனின் செவுளிலும் ஒட்டும். 10ஆம் தேதி திங்கள் காலை ஒன்பதரைக்கு மீன்களை விட்டார்கள். வெள்ளி ஒன்பதரைக்குள் ஆறு செத்துவிட்டன.

மேலாளர் கிறிஸ்டோபர் கோயம்புத்தூர்க்காரர், வந்து இரண்டு வருடம். நல்ல தண்ணீருக்குப் பதில், கழுவுநீர் போய்ச் சேரும் இந்திராயணி ஆற்றுத் தண்ணீரைக் கொண்டுவரச் சொன்னார். மழைக்காலம், ஒரே சேறு. 17ஆம் தேதி மறுபடி பத்து மீன்கள். இம்முறை செத்தது ஒன்றுதான். அந்த இரண்டாவது கணக்கை மட்டும் தாளில் தட்டச்சு அடித்து, கையெழுத்துக்காக பட்டுவிடம் நீட்டினார்.

"மொதல் தொட்டி எங்க சார்?"

"அது வேண்டாம் பட்டும்மா. பாலிமர் சேத்துல ஒட்டிக்கும், மீனுக்குப் போகாது. நெஜ ஆறு அப்படித்தானே இருக்கு? இது சயின்ஸ்."

"நான் இல்லைன்னு சொல்லலையே. அதையும் எழுதுங்க, இதையும் எழுதுங்க. ஜனவரியில தண்ணி தெளிஞ்சிடும். அப்ப எந்தச் சேத்துல ஒட்டும்? அடியில படிஞ்சதை அங்க மேயுற மீன் தின்னாதா?"

"மீன் மேல இவ்வளவு பாசமா? வீட்ல மீன் கொழம்பே வைக்க மாட்டீங்க போல."

"வாரம் ரெண்டு தடவ வைக்கிறேன் சார். அதனாலதான் கேக்கிறேன்."

பட்டு பேனாவை எடுத்தார். தாளின் மேல்பக்கத்து வெற்றிடத்தில் முதல் தொட்டியின் ஆறு சாவுகளையும் நேரத்தோடு எழுதி, அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டார். கிறிஸ்டோபர் அதைக் கிழித்துவிட்டு வேறு தாள் அடித்துவந்தார். பட்டு அதிலும் அப்படியே எழுதினார். மூன்றாவதிலும்.

"சலேகா நஹி சார், இது செல்லாது. எத்தனை கிழிச்சாலும் ஆறு ஆறுதான்."

மறுநாள், 22ஆம் தேதி சனிக்கிழமை, பட்டுவை பேக்கிங்குக்கு மாற்றினார்கள். அவர் இடத்துக்கு வந்த தீபாவிடம், இரண்டாவது கணக்கு மட்டும் அடித்த புதுத் தாள் போயிற்று. தீபா பார்த்துவிட்டு, "இந்த மீனை நான் எண்ணலையே சார்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். அவளுக்கு வேலையில் சேர்ந்து ஒரு நாள்கூட முழுதாக ஆகவில்லை.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அறிக்கை 31ஆம் தேதிக்குள் போயாக வேண்டும். எண்ணியவர் ஒருவர்தான், அவரோ ஒரே மாதிரிதான் எழுதுகிறார். கடைசி நாள் மாலை நாலு பத்துக்கு கிறிஸ்டோபர் பேக்கிங் மேசைக்கே வந்தார். பட்டு கையைத் துடைத்துக்கொண்டு, இரண்டு தொட்டிகளையும் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அது அப்படியே போயிற்று. புது கண்டிஷனரின் கழுவுநீரை இப்போது வெளியே விடுவதில்லை, தனித் தொட்டியில் பிடித்து வைக்கிறார்கள்.

ஆகஸ்ட் 9ஆம் தேதி கிறிஸ்டோபர் மறுபடி வந்தார். ஆய்வுக்கூடத்துக்கே திரும்பிவிடுங்கள் என்றார்.

"நல்ல தண்ணிக்கு ஒண்ணு, ஆத்துத் தண்ணிக்கு ஒண்ணுன்னு தாள்ல ரெண்டு கட்டம் அச்சடிச்சுக் கொண்டு வாங்க. அன்னைக்கே வர்றேன்" என்றார் பட்டு. குப்பிகளுக்கு மூடி போடுவதை நிறுத்தவில்லை.

இதை எழுதும் நாள்வரை தாள் அச்சாகவில்லை. பட்டுவும் போகவில்லை.