என் உளுந்தில் நானே ஆடு விட்டேன்

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி மழை பெய்து ஓய்ந்திருந்த ஒரு காலையில், கோவில்பட்டிக்குப் பக்கத்தில் குருமலைக் காட்டை ஒட்டிய என் நிலத்தில் நடந்தது இது.

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். லாரி கிளீனராகக் கிளம்பி, ஆறு லாரிக்கு முதலாளியாகி, யார் தயவும் இல்லாமல் பன்னிரண்டு ஏக்கர் கரிசல் வாங்கியவன். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமே கிடையாது. நிலத்துக்கு நடுவே, காட்டிலிருந்து கண்மாய்க்குப் போகிற ஓடை ஒன்று இருந்தது. இரண்டு கரையிலும் உடைமரமும் இலந்தைப் புதரும். ஜேசிபியை விட்டு எல்லாவற்றையும் வழித்து, ஓடையைத் தூர்த்து, உளுந்து விதைத்தேன். சுற்றிலும் ஆள் உயரத்துக்குக் கம்பி வலை. நிலம் தோசைக்கல் மாதிரி இருந்தது. பார்த்தவர்கள் எல்லாம் மெச்சினார்கள்.

அந்தப் பக்கம் வெள்ளாடு மேய்க்கிற அம்மா ஒருவர் மட்டும், "அண்ணாச்சி, அது மானு தண்ணிக்கு வார தடம். ஒரு ஓரமாவது விட்டு வைங்க" என்றார்.

"மானுக்கு நீங்கதான் வக்கீலா?" என்று கேட்டு அனுப்பிவிட்டேன்.

அன்றைக்குக் காலையில் தனியாகத்தான் போனேன். மனைவி தவறிய பிறகு எங்கேயும் தனியாகத்தான். பிள்ளைகள் பெங்களூரிலும் துபாயிலும். முந்தின நாள் கேட்டைப் பூட்ட மறந்திருக்கிறேன்; அது திறந்து கிடந்தது. தூரத்து மூலையில் ஒரு பெண் புள்ளிமான் கம்பி வலையில் முட்டி முட்டி விழுந்துகொண்டிருந்தது. வலைக்கு வெளியே மூன்று நாய்கள் குரைத்துக்கொண்டு நின்றன. கேட் பக்கம் விரட்டிவிடலாம் என்று நான் கிட்டே போகப் போக, அது இன்னும் வெறியோடு முட்டியது. மூக்கில் ரத்தம். எனக்கோ ஈரக் கரிசல் காலில் அப்பி, அடி எடுத்து வைக்க முடியவில்லை. வனத்துறைக்குப் போன் போட்டேன். "வந்து சேர ஒரு மணி நேரமாகும், கிட்டே மட்டும் போகாதீர்கள்" என்றார்கள். அதற்குள் மான் முன்னங்காலை மடக்கி உட்கார்ந்துவிட்டது. செத்துவிடும் என்றே நினைத்தேன்.

அப்போது நாய்களைக் கல்லெடுத்து விரட்டிவிட்டு, ஆடுகளோடு அந்த அம்மா கேட் பக்கம் வந்தார்.

"நீங்க அங்கன நிக்க வரைக்கும் அது அசையாது. வெளிய வாங்க அண்ணாச்சி."

"கேட்டு தெறந்துதான கெடக்கு? போக வேண்டியதுதான?"

"ஒளிய ஒரு செடி இல்ல. இந்த வெட்டவெளில எப்பிடிப் போவும்? நீங்க வேட்டி இல்லாம பஜாருக்குள்ள நடப்பியளா?"

சகதியிலிருந்து காலைப் பிடுங்கிப் பிடுங்கிக் கேட்டுக்கு வெளியே வந்தேன்.

"ஆட்ட உள்ள பத்துதேன். அதுக ஊடால வந்தாலும் வரும். உளுந்து போச்சின்னு பெறவு என்னைய ஏசக்கூடாது."

உளுந்து அப்போது ஒரு சாண் உயரம். "பத்துங்கம்மா" என்றேன். யாரிடமும் அப்படிக் கெஞ்சின குரலில் நான் பேசினதில்லை.

ஆடுகள் அவசரமே படவில்லை. என் உளுந்தைக் கடித்துக்கொண்டே மூலை வரைக்கும் போயின. மான் காதை விடைத்துக்கொண்டு எழுந்தது. அந்த அம்மா மெதுவாக மந்தையைத் திருப்பினார். கறுப்பும் பழுப்புமான முதுகுகளுக்கு நடுவே அந்தப் புள்ளி முதுகும் நகர்ந்து வந்தது. கேட்டைத் தாண்டி, காட்டோரப் புதர் வந்ததும் ஒரே தாவு. அவ்வளவுதான். அந்த அம்மாவும் ஒரு வார்த்தை குத்திக்காட்டாமல் ஆடுகளோடு போய்விட்டார். கடித்துப் போட்ட உளுந்துக்கு நடுவே நான் ஒருத்தன் மட்டும் போய் நின்றேன்.

அந்த வாரமே ஓடையைத் திரும்பத் தோண்டி, கரையை அகலமாக விட்டு, ஓடை வெளியே கிடக்கும்படி வேலியை இரண்டு பக்கமும் தள்ளிப் போட்டேன். இலந்தை இப்போது முழங்கால் உயரம். கவுதாரி சத்தம் கேட்கிறது. மான் மட்டும் இன்னும் வரவில்லை. மழை விட்ட மறுநாளெல்லாம் போய், சகதியில் குளம்புத் தடம் இருக்கிறதா என்று குனிந்து பார்க்கிறேன். இன்றைக்கும் என்னைக் கண்டால் எழுந்து நிற்க நாலு பேர் இருக்கிறார்கள். ஆனால் நான் இல்லாத நேரமாகப் பார்த்தாவது ஒரு மான் அந்த வழியே பயமில்லாமல் போய்வர வேண்டும் என்றுதான் மனசு கிடந்து தவிக்கிறது.